கடற்காற்றில் ஸ்னோ மெசின்: பழுது பார்ப்பதும் பாதுகாப்பதும்

திருகோணமலையில், மேடையில் பனிபோல நுரை கொட்டும் ஸ்னோ மெசினுக்கு வேலை கூடுகிற காலமும் அதற்கு ஒத்துவராத காலமும் ஒன்றுதான். பாடசாலை ஒளிவிழா, பாலன் பிறப்பு நாடகம், கிறிஸ்மஸ் நிகழ்ச்சி எல்லாம் மார்கழியில் வரும். வடகீழ்ப் பருவமழை இந்தப் பக்கம் விடாமல் கொட்டுவதும் அப்போதுதான். நுரை காற்றிலேயே காய்ந்து மறைய வேண்டும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட ஒரு மெசினை, துவைத்த துணியே இரண்டு நாளாகக் காயாத காலத்தில் ஓட்டுகிறோம். மற்ற மாதங்களில் கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று இடைக்கிடை வெளியே வரும். மிச்ச நாளெல்லாம் வயிற்றில் பழைய லிக்குயிட்டோடு ஒரு மூலையில் கிடக்கும். பழுது அந்த மூலையில்தான் தொடங்குகிறது. “பம்ப் எரிந்துவிட்டது” என்று தூக்கிவரும் மெசினைத் திறந்தால், எரிந்த பம்பைவிடக் காய்ந்த லிக்குயிட் பிசின்போல இறுகிப் பிடித்த பம்பே அடிக்கடி கண்ணில் படும். அதற்கு வெந்நீர் போதும், புதுப் பம்ப் தேவையில்லை.

இங்கே சொல்வது நுரையைப் பனிபோலப் பறக்கவிடும் சாதாரண மேடை மெசின் பற்றி: ஒரு தாங்கி, ஒரு பம்ப், ஒரு புளோவர், வாயில் இழுத்துக் கட்டிய நைலோன் சொக்ஸ். ரெஜிபோம் தூளை விசிறியால் ஊதிப் பனி காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தீப்பிடிக்கும், மூச்சுக்குள் போகும், மண்டபத்தைக் கூட்டி முடிக்கவும் முடியாது. அந்த வழிக்குப் போகாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

மெசினுக்குள் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று லிக்குயிட்டின் பாதை. தாங்கியின் அடியில் தொங்கும் சிறு பில்ட்டர், அங்கிருந்து மெல்லிய டியூப், பம்ப், மறுபடி டியூப், கடைசியில் சொக்ஸ் துணியை நனைக்கும் நொசில். மற்றது காற்றின் பாதை. பின்பக்க வலை வழியாக உள்ளே இழுத்து, புளோவர் அழுத்தி, வாய் வழியாகத் தள்ளும் காற்று. இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் சொக்ஸ். நனைந்த துணியின் கண்களுக்குள்ளால் காற்று போகும்போது சின்னக் குமிழிகள் எழும்பும். காற்று அவற்றைப் பிய்த்து எறியும். அந்தப் பிய்ந்த நுரைதான் பனி.

இந்த மெசினில் சூடாக்கும் பகுதி எதுவும் கிடையாது. அதனால் புகை மெசின் லிக்குயிட்டை இதில் ஊற்றினால் நுரை வராது, உள்ளே பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். ஸ்னோ லிக்குயிட்டைப் புகை மெசினில் ஊற்றுவது அதைவிட மோசம். ஹீட்டருக்குள் கருகி அடைத்து, அந்த மெசினையே முடித்துவிடும். இரண்டு கான்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், வாங்கிவந்த அன்றே மார்க்கரால் பெரிதாக எழுதி வையுங்கள்.

திறக்க முன் கேளுங்கள்

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க முன்னர் மெசினை ஓட்டிக் காது கொடுங்கள். புளோவரின் இரைச்சல் ஒன்று, பம்பின் ‘ட்ர்ர்ர்’ என்ற அதிர்வு இன்னொன்று. எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதில் பாதிப் பதில் இருக்கிறது.

இரண்டுமே இல்லையென்றால் மின்சாரம், பியூஸ், ரிமோட் என்ற வரிசையில் பாருங்கள். புளோவர் மட்டும் கேட்டால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பம்ப் இறுகியிருக்கிறது. அதற்கு முதல் ரிமோட்டின் அளவுக் குமிழ் பூச்சியத்தில் நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், சிரிக்க வேண்டாம். பம்ப் மட்டும் கேட்டு புளோவர் கேட்கவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். தள்ளக் காற்று இல்லாமல் லிக்குயிட் வாயில் தேங்கி, பின்னோக்கி வடிந்து புளோவர் மோட்டரை நனைக்கும்.

இரண்டும் கேட்கிறது, பனி மட்டும் இல்லை என்ற முறைப்பாடுதான் அதிகம் வருவது. அப்போது பம்பின் சத்தத்தைக் கவனியுங்கள். வெறுமையாக ஓடும் பம்ப் உரத்து, கரகரத்து அடிக்கும். லிக்குயிட் பிடித்த கணமே சத்தம் தணிந்து அடங்கிவிடும். நிமிடக் கணக்காகக் கரகரப்பு மாறாமல் இருந்தால் பம்புக்கு லிக்குயிட் வந்துசேரவில்லை. அடங்கிய சத்தம் இருந்தும் பனி இல்லையென்றால் அடைப்பு பம்புக்குப் பின்னால், நொசில் பக்கம்.

லிக்குயிட் வராதபோது

பெரும்பாலான மெசின்களில் இருப்பது அதிர்வுப் பம்ப். சுருளின் காந்தம் உள்ளே ஒரு சிறு பிஸ்டனைச் செக்கனுக்கு 50 தடவை இழுத்துவிட, ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். கோப்பி மெசின்களில் இருப்பதும் இதே வகைதான். காற்றை இழுப்பதில் இது பலவீனமானது. தாங்கி வெறுமையாகி டியூபுக்குள் காற்று புகுந்துவிட்டால், மறுபடி நிரப்பியதும் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி ஓடவிடாதீர்கள். வெறுமையாக ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடினால் சுருள் சூடேறும். வெப்பத்தில் தானே நிற்கும் கட்-ஓஃப் இருந்தால் தப்பும், இல்லாவிட்டால் எரியும்.

செய்ய வேண்டியது இது. தாங்கியைக் கழற்ற முடியுமானால் பம்பைவிட உயரத்தில் தூக்கிப் பிடியுங்கள். குமிழை முழு அளவுக்குத் திருப்பி 30 செக்கன் ஓட்டுங்கள், 1 நிமிடம் விடுங்கள், மறுபடி 30 செக்கன் ஓட்டுங்கள். மூன்று தடவைக்குள் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு, நொசில் பக்க டியூபை இழுத்தெடுத்து, பாமசியில் வாங்கும் 20 மில்லிலீற்றர் சிறிஞ்சை அதில் பொருத்தி மெதுவாக இழுங்கள். லிக்குயிட் குமிழியில்லாமல் சிறிஞ்சுக்குள் வந்தால் பாதை திறந்திருக்கிறது, காற்று மட்டுமே தடையாக இருந்தது. இழுக்கக் கை கனத்தால் எங்கோ அடைப்பு. இழுக்க இழுக்கக் குமிழியே வந்தால் ஏதோ ஒரு மூட்டில் காற்று புகுகிறது. டியூப் நுனி இறுகி விரிந்துபோயிருக்கும். நுனியில் 1 சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு மறுபடி சொருகி, சிறு கிளிப் ஒன்று போடுங்கள்.

அடைப்பு என்றால் தாங்கியின் அடியிலுள்ள பில்ட்டரிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வழுவழுப்பான மென்படலம் தெரியும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெல்லிய பிரஷால் தேய்த்தால் போய்விடும். தாங்கி மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத் துளை இருக்கும், அதையும் பாருங்கள். அது அடைபட்டால் கொஞ்ச நேரம் நன்றாகக் கொட்டி, பிறகு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோகும். மூடியைத் தளர்த்தியதும் மறுபடி கொட்டும். இந்த அறிகுறியைக் கண்டால் வேறெதையும் கழற்ற வேண்டாம்.

பம்ப் இறுகியிருந்தால் முதலில் திறக்காமலே முயலுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றின் சூடு, அதாவது ஏறக்குறைய 40 பாகை, போதும். கொதிநீர் உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கையும் இறப்பர் வளையங்களையும் கெடுக்கும். அந்தச் சூட்டுத் தண்ணீரைச் சிறிஞ்சால் உள்ளே போகும் பக்கத்தால் செலுத்தி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மறுபடி செலுத்துங்கள். வெளியேறும் பக்கத்தில் ஒருவழி வால்வு இருப்பதால் அங்கிருந்து உள்ளே போகாது, அந்தப் பக்கம் இழுக்க மட்டும் செய்யுங்கள். பிறகு விட்டு விட்டு ஓட்டிப் பாருங்கள்.

இன்னும் அசையாவிட்டால்தான் திறப்பு. வெள்ளைத் துணி ஒன்றின்மேல் வைத்துத் திறவுங்கள், ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பிஸ்டன், பெரிய ஸ்பிரிங், சிறிய ஸ்பிரிங், மிளகளவு வால்வுக் குண்டு, ஓ-ரிங் என்று துள்ளி விழும். அந்தக் குண்டு டைல்ஸ் இடுக்கில் உருண்டால் பம்பே போய்விட்டதாக வைத்துக்கொள்ளலாம். ஓ-ரிங்குக்குச் சிலிக்கன் கிறீஸ் மட்டும் பூசுங்கள். தேங்காயெண்ணெய், வசலின், துரு நீக்கும் ஸ்பிறே எதுவும் வேண்டாம். இறப்பரை ஊதவைக்கும், எண்ணெய் லிக்குயிட்டில் கலந்தால் நுரையையும் கொல்லும்.

சுருள் அறுந்ததா என்று மல்ரிமீற்றரில் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். இந்தப் பம்புகள் பலவற்றில் சுருளோடு தொடராக, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் ஒன்று இருக்கிறது. ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் மீற்றரின் சிறு வோல்ற்றளவு டயோட்டைத் திறக்கப் போதாமல், நல்ல பம்பும் அறுந்ததுபோலக் காட்டலாம். டயோட் அளவில் வைத்து முனைகளை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். ஒரு பக்கமாவது அளவு காட்டினால் சுருள் உயிரோடிருக்கிறது. புதுப் பம்ப் வாங்க நேர்ந்தால் லேபலில் உள்ள வோல்ற்று, ஹேர்ட்ஸ், வாற்று மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். வாற்றுக் கூடிய பம்பைப் போட்டால் பனி கூடாது, சொக்ஸிலிருந்து ஒழுகும்.

பனி கொட்டுகிறது, ஆனால் சரியில்லை

மெசினை நன்கு அறிந்தவரை அறியாதவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இடம். பனித் திவலையின் அளவு இரண்டு விடயங்களின் இழுபறி: எவ்வளவு லிக்குயிட், எவ்வளவு காற்று. லிக்குயிட் கூடினால் திவலை பெரிது, கனம், ஈரம். குறைந்தால் சிறிது, இலேசு, சீக்கிரம் மறையும். குமிழை முழுக்கத் திருப்பினால்தான் பனி கூடும் என்று நினைப்பது பரவலான பிழை. ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணிக்கை கூடாது, திவலையின் கனம் மட்டும் கூடும், கூடியது நேரே தரைக்கு வரும்.

கட்டி கட்டியாக நுரை விழுந்தாலோ, வாய் விளிம்பிலிருந்து சொட்டினாலோ, முதலில் குமிழைப் பாதிக்குக் குறையுங்கள். குறைத்தும் மாறாவிட்டால் காற்றுப் போதவில்லை. சொக்ஸைக் கழற்றிவிட்டுப் புளோவரை மட்டும் ஓட்டி, ஒரு கையளவு தூரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். பிறகு காய்ந்த சொக்ஸைப் போட்டு அதேபோலக் காட்டுங்கள். துணி போட்டதும் காற்று பாதிக்குமேல் விழுந்தால் குற்றவாளி சொக்ஸ். துணி இல்லாமலே காற்றுச் சோர்ந்திருந்தால் பின்வலை அல்லது புளோவர்.

சொக்ஸின் கண்கள் அடைபடுவது காய்ந்த லிக்குயிட்டால். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல், கையால் அமர்த்திக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். சோப் போட வேண்டாம், அயர்ன் படவே கூடாது. கிழிசல் இருந்தால் அந்த ஓட்டையால் காற்று முழுவதும் ஓடி, அங்கிருந்து துளித்துளியாகத் துப்பும், மற்ற இடம் வெறுமையாக இருக்கும். தைத்துப் பயனில்லை, தையல் இருக்கும் இடத்தில் நுரை கட்டிவிடும். மாற்றும்போது துணி தொய்யாமல், அதே நேரம் கண்கள் இழுபட்டு விரியாமல், ஒரே இழுவையாக இருக்க வேண்டும். கட்டுகிற வளையத்துக்குக் கீழே ஒரு சுருக்கம் இருந்தால் போதும், நிகழ்ச்சி முழுக்க அந்தச் சுருக்கத்திலிருந்து ஒரே இடத்தில் சொட்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் மணமகளின் சேலை இருக்கும்.

பனி மெலிந்து, வாயிலிருந்து வெளியேறிய உடனேயே மறைந்தால், மெசினை விட்டுவிட்டு லிக்குயிட்டைப் பாருங்கள்.

லிக்குயிட்டும் தண்ணீரும்

சில கான்கள் அப்படியே ஊற்றுவதற்கு, சில கலப்பதற்கு. கலக்கும் விகிதம் கானின் லேபலில் உள்ளதுதான், ஒரு கம்பனியின் விகிதத்தை இன்னொன்றுக்குப் பாவிக்காதீர்கள். கலக்கும் தண்ணீர்தான் இங்கே பெரிய பிரச்சினை. கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். சுண்ணாம்பு நுரையை எழும்ப விடாது, பம்பின் வால்விலும் வெள்ளைப் பொருக்காகப் படியும். சவர்க்காரம் நுரைக்காத தண்ணீர் ஸ்னோ மெசினுக்கும் ஆகாது. சோதிக்க வேறு கருவி தேவையில்லை. ஆர்ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீர் போதும். பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் அதைவிட நல்லது, ஆனால் போத்தலில் இருப்பது பற்றரித் தண்ணீர்தான், அசிட் அல்ல என்பதை வாசித்து உறுதிப்படுத்துங்கள்.

பாத்திரம் கழுவும் லிக்குயிட், ஷாம்பு, குழந்தைகளுக்கான குமிழி லிக்குயிட் எல்லாவற்றாலும் நுரை வரும் என்பது உண்மை. அந்த நுரை காய்ந்து மறையாது, வழுக்கும் படலமாகத் தரையில் கிடக்கும், கண்ணில் பட்டால் எரியும், பட்டுச் சேலையில் வட்டமாகக் கறை விடும், பம்புக்குள் இறுகும். ஒரு கான் லிக்குயிட்டில் மிச்சம் பிடித்த காசு ஒரு பம்பில் போகும்.

எவ்வளவு லிக்குயிட் தேவை என்பதை மெசினிடமே அளந்துகொள்ளலாம். அளவுச் சாடியில் 200 மில்லிலீற்றர் எடுத்து, உறிஞ்சும் டியூபை அதில் விட்டு, வழக்கமாகப் பாவிக்கும் குமிழ் நிலையில் சரியாக 1 நிமிடம் ஓட்டுங்கள். 60 மில்லிலீற்றர் குறைந்திருந்தால், 5 லீற்றர் தாங்கி 80 நிமிடத்துக்குச் சற்றுக் கூட வரும். இந்த எண்ணைத் தாங்கியில் எழுதி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்ப அளந்து பாருங்கள். அளவு விழத் தொடங்கினால் பம்போ பில்ட்டரோ அடைபடுகிறது என்று, பனி நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கலந்த லிக்குயிட்டை வானுக்குள் வெயிலில் விட்டுவைக்காதீர்கள். இந்தச் சூட்டில் சில வாரங்களில் அதில் வழுவழுப்பும் மணமும் பிடித்துவிடும். அப்படியானதை வடித்தும் பாவிக்க வேண்டாம். கிணற்றடியிலோ கடலிலோ களப்பிலோ கொட்டவும் வேண்டாம், நுரைப் பொருட்கள் மீனுக்கு நஞ்சு. நிறையத் தண்ணீர் விட்டு மலசலகூடத்துக்குள் ஊற்றுங்கள்.

புளோவர்

உச்சத்தில் வீறிடும் வகைப் புளோவரில் காபன் பிரஷ் இருக்கும். பிரஷ் 6 மில்லிமீற்றருக்குக் கீழ் தேய்ந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சிறு நீலப் பொறி இயல்பானது. சுற்றிவர மஞ்சள் வளையமாகப் பொறி பறந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். மற்ற வகை, கப்பாசிற்றர் உள்ள மோட்டர். ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் கப்பாசிற்றர் இறங்கியிருக்கும். மைக்ரோபரட் அளவு அதேயாகவும், வோல்ற்று அளவு குறையாமலும் வாங்குங்கள். கழற்ற முன் காப்பிட்ட ஸ்குரூ டிரைவரோடு ஒரு மின்தடையைச் சேர்த்துப் பிடித்து மின்னை இறக்குங்கள்.

பின்வலையில் தூசியும் தும்பும் கடலுப்பும் சேர்ந்து பாய்போலப் படியும். அது காற்றைக் குறைப்பதோடு மோட்டரையும் சூடாக்கும். நிகழ்ச்சி நடுவே நின்று, ஆறியதும் தானாக ஓடும் மெசினில் முதலில் துடைக்க வேண்டியது இந்த வலையைத்தான்.

மின்சாரம்

நம் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். லண்டனிலிருந்தோ சுவிஸிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த மெசினுக்குப் பிளக்கை மாற்றினால் போதும். கனடாவிலிருந்து வந்தது 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். நேரே சொருகினால் அங்கேயே முடிந்தது. ஸ்டெப்-டவுன் போட்டாலும் வோல்ற்றுத்தான் இறங்கும், 50 ஹேர்ட்ஸ் மாறாது. கப்பாசிற்றர் மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவும் கூடுதல் சூட்டிலும் ஓடும், பம்பின் இடியும் மாறும். குறுகிய நேரம் ஓட்டி, நீண்ட ஓய்வு கொடுத்தால் சமாளிக்கலாம். பிரஷ் மோட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மெசினின் பின்னால் உள்ள கண்ணாடிப் பியூஸில் ‘ரி’ எழுத்து இருந்தால் அது மெதுவாக உருகும் வகை. அதன் இடத்தில் வேகமாக உருகும் ‘எஃப்’ வகையைப் போட்டால் மோட்டர் எழும்பும் கணத்தில் இழுக்கும் கரண்டுக்கே போய்விடும். பிறகு ஆத்திரத்தில் வெள்ளித்தாள் சுற்றுவார்கள், அதுதான் ஆபத்து. 1000 வாற்று மெசின் ஓடும்போது இழுப்பது 4.3 அம்பியர் அளவு. மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயரை 30 மீற்றருக்கு இழுத்து, அதுவும் சுற்றைப் பிரிக்காமலே பாவித்தால், வயர் சூடேறும், மெசினுக்கு வோல்ற்று குறையும், பனியும் குறையும். ஜெனரேற்றரில் ஓடும்போது பனி மெலிந்தால் மெசினைத் திட்டாமல் வோல்ற்றை அளந்து பாருங்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அதைத் தாண்டி இணைப்புக் கொடுக்காதீர்கள். உள்ளே ஈரமும் உப்பும் சேர்ந்து மெசினின் வெளியுடம்புக்குக் கரண்ட் கசிகிறது என்பதே அதன் பொருள். வெளியுடம்பு தகரம், தரை நனைந்திருக்கும், அருகே பிள்ளைகள் தேவதை உடுப்பில் நிற்பார்கள். மூடியைக் கழற்றி, நிழலில், மேசை விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு எலெக்ட்ரீஷியனிடம், மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ற்று மெகரால் அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மெசின் மேடைக்குப் போகக் கூடாது.

ரிமோட் வேலை செய்யாவிட்டால் பிளக்கின் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கொன்ராக்ட் கிளீனரும் பழைய பல் பிரஷும் போதும். வயரில்லா ரிமோட்டுகளில் பலவற்றுக்கு 12 வோல்ற்றுச் சிறு பற்றரி போடுவார்கள். சாதாரண பெரிய பற்றரி என்று தேடி அலையாமல், உள்ளே இருப்பதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

எங்கே வைப்பது

தரையிலிருந்து 3 முதல் 5 மீற்றர் உயரம் நல்லது. கிளாம்ப்போடு தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பியும் போட்டுத்தான் தொங்கவிட வேண்டும். மண்டபத்தின் சீலிங் விசிறிகளை அந்த நேரத்துக்கு நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பனி சுழன்று சவுண்ட் மிக்ஸரின் மேல் இறங்கும். மிருதங்கம், தபேலா, தவில் எல்லாம் தோல் வாத்தியங்கள், ஈரம் பட்டால் சுருதி இறங்கிவிடும். வாத்தியக்காரர் அண்ணன்மார் கோபப்பட்டால் நியாயம் அவர்கள் பக்கம்தான். குத்துவிளக்குக்கும் மெழுகுதிரிக்கும் நேர் மேலே கொட்ட வேண்டாம்.

மார்கழியில் குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றாமல், 20 முதல் 30 செக்கன் கொட்டி, ஒரு நிமிடமாவது விடுங்கள். விழுந்தது காய இடைவெளி வேண்டும். டைல்ஸ் தரையில் நடனம் இருந்தால், பனிக் காட்சி முடிந்ததும் ஒருவர் மொப்போடு தயாராக நிற்பது ஒத்திகையிலேயே சேர வேண்டும். பிள்ளைகள் வாயைத் திறந்து நாக்கை நீட்டுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆஸ்துமா இழுப்பு உள்ள பிள்ளைகளை வாய்க்கு நேரே நிறுத்தாதீர்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையில் கேட்பார்கள். பகலில் கடற்காற்று, வைகாசியிலிருந்து தென்மேற்கால் வரும் கச்சான் காற்று. இரண்டிலும் திவலை மேடைக்கு வராது. ஒப்புக்கொள்வதானால் பொழுது பட்டு, காற்று விழுந்த பிறகு, காற்று வரும் பக்கத்தில் மெசினை வைத்து, ஆட்களுக்கு 3 மீற்றர் தூரத்தில் தொடங்குங்கள். கொடிகள் ஆடிக்கொண்டிருந்தால் முடியாது என்று சொல்லிவிடுவதே மரியாதை.

நிகழ்ச்சி முடிந்த இரவே

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் நாளைக்கு என்று விடக்கூடாத வேலை இது. மொத்தமாக அரை மணித்தியாலம். தாங்கியிலுள்ள மிச்ச லிக்குயிட்டை மூடியுள்ள போத்தலுக்கு மாற்றுங்கள், கானுக்குள் திருப்பி ஊற்ற வேண்டாம். தாங்கியைக் கழுவி, இளஞ்சூட்டு ஆர்ஓ தண்ணீர் அரை லீற்றர் விட்டு, சொக்ஸைக் கழற்றி, வாய்க்குக் கீழே பேசின் ஒன்றை வைத்து, முழு அளவில் விட்டு விட்டு ஓட்டுங்கள். வரும் தண்ணீரில் நுரை இல்லாமல் போகும்வரை. பிறகு தண்ணீரும் முடியவிட்டு, 20 செக்கனுக்கு மேற்படாமல் பம்பை ஓட்டி டியூபை வெறுமையாக்குங்கள். பம்பை நிறுத்திவிட்டுப் புளோவரை மட்டும் 5 நிமிடம் ஓட்டினால் வாயும் காற்றுப் பாதையும் காயும். சொக்ஸை வேறாகக் கழுவிக் காயவையுங்கள். ஈரச் சொக்ஸை மெசினில் மாட்டி வைத்தால் கரும்புள்ளி விழும்.

வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, பம்புக்குள் கால் மணித்தியாலம் நிறுத்தி, பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீர் ஓட்டுங்கள். தென்னை வினாகிரி வேண்டாம், அதன் வண்டல் உள்ளே தங்கும்.

கடற்கரை நிகழ்ச்சி என்றால் இன்னும் ஒரு படி: பிளக்கைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளியுடம்பு முழுவதையும் துடைத்து உலரவிடுங்கள். துருப்பிடித்த ஸ்குரூக்களை ஒன்றொன்றாக 316 தர ஸ்ரெயின்லெஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். 304 மலிவு, ஆனால் கடலருகே அதிலும் தேநீர்க் கறைபோலத் துரு பூக்கும்.

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பக்கெற்றுகளோடு, நிலத்தில் படாமல் வையுங்கள். வாய்க்கும் பின்வலைக்கும் நுளம்பு வலைத் துண்டு கட்டுங்கள். குளவிக்கு இந்த வாய் அளவெடுத்துச் செய்த வீடு, மண்கூடு கட்டிவிடும். பல்லி உள்ளே போய்ச் சர்க்கிட் போர்டின் மேல் செத்தால் ட்ரிப் சுவிட்ச் விழும் காரணத்தைத் தேடி ஒரு நாள் போகும். வேலை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை எடுத்து, ஆர்ஓ தண்ணீரில் 2 நிமிடம் ஓட்டி, வடித்து, காயவைத்து வைத்தால் வால்வு ஒட்டாது.

உதிரிப் பாகங்கள் அவசரத்துக்கு ஊரில் கிடைக்கும் என்று நம்ப முடியாது, கொழும்பிலிருந்து வரவழைக்க நாளெடுக்கும். அதனால் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டியவை: இரண்டு சொக்ஸ், பொருந்தும் பம்ப் ஒன்று, பில்ட்டர் ஒன்று, அதே விட்டத்தில் டியூப் 2 மீற்றர், நாலைந்து கிளிப், சரியான வகைப் பியூஸ் ஐந்து, ரிமோட் பற்றரி, 20 மில்லிலீற்றர் சிறிஞ்ச், பிரஷ் மோட்டர் என்றால் ஒரு சோடி காபன் பிரஷ். இவற்றை ஐப்பசியிலேயே சரிபார்த்து, இல்லாததற்கு ஓடர் கொடுத்துவிடுங்கள்.